‘3 பதிவுகள் காத்திருக்கின்றன’: வொர்க்மேனேஜர் நூலகம் குறித்து ஒரு மதிப்புரை

ஆண்ட்ராய்டு செயலிகளின் பின்னணி வேலைகளுக்கென்று கூகுள் வழங்கும் வொர்க்மேனேஜர் நூலகத்தை (பிற செயலிகள் எடுத்தாளும் ஆயத்த நிரல் தொகுப்பை), களப்பணியாளர்கள் படிவம் நிரப்பும் செயலி ஒன்றில் தொடர்ந்து பயன்படுத்தி வருகிறேன். சிக்னல் எட்டாத இடங்களில் படிவத்தையும் புகைப்படங்களையும் கைப்பேசியிலேயே சேமித்துவைத்து, இணைப்பு கிடைத்ததும் அவற்றைச் சர்வருக்கு அனுப்புவதுதான் அச்செயலியின் முதன்மையான வேலை. முகப்புத் திரையின் மேற்புறத்தில் ‘3 பதிவுகள் காத்திருக்கின்றன’ என்பதுபோல ஒரு வரி இருக்கும். அந்த வரி எந்நேரமும் உண்மையையே சொல்ல வேண்டும் என்பதற்காக நான் பட்ட பாடு, செயலியின் மற்றெல்லாப் பகுதிகளுக்கும் பட்டதைவிட அதிகம். ஆகவே இந்த மதிப்புரையும் அந்த வரியைச் சுற்றியே செல்கிறது.

வொர்க்மேனேஜருக்கு வருவதற்கு முன் நானே எழுதிய ஃபோர்கிரவுண்ட் சர்வீஸ் (அறிவிப்பைக் காட்டியபடியே, திரையில்லாமலும் ஓடும் பகுதி) ஒன்று அந்த வேலையைச் செய்துகொண்டிருந்தது. காத்திருக்கும் பதிவுகளின் எண்ணிக்கையை ஒரு சிங்கிள்டனில் (ஒரே ஒரு பிரதியாக இருக்கவேண்டிய பொருளில்) ஸ்டேட்ஃப்ளோவாக, அதாவது மாறும்போதெல்லாம் கவனிப்பவருக்குத் தெரிவிக்கும் மதிப்பாக, வைத்திருந்தேன். ஒவ்வொரு பதிவு சர்வரைச் சேரும்போதும் சர்வீஸ் அந்த எண்ணில் ஒன்றைக் குறைக்கும், திரை அதைக் கவனித்துத் தன்னை மாற்றிக்கொள்ளும். சர்வரில் எல்லாப் பதிவுகளும் வந்து சேர்ந்த பிறகும் திரை மணிக்கணக்கில் ‘3’ என்றே காட்டிக்கொண்டிருந்தது. ஸ்டேட்ஃப்ளோவைச் சந்தேகித்தேன், திரையின் நிரலைச் சந்தேகித்தேன், கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு ஒரு நாள் முழுவதும் தேடினேன். கடைசியில் சிங்கிள்டன் உருவாகும் இடத்தில் ப்ராசஸ் எண்ணை (ஓடிக்கொண்டிருக்கும் நிரலுக்கு இயங்குதளம் தரும் எண்ணை) லாக் எனும் நிகழ்வுக் குறிப்பில் அச்சிட்டபோது, ஒரு முறை வரவேண்டிய வரி இரு வேறு எண்களுடன் இரு முறை வந்தது. சர்வீஸைத் தனி ப்ராசஸில் ஓட்டும்படி செயலியின் பகுதிகளை அறிவிக்கும் மேனிஃபெஸ்ட் கோப்பில் நானே எப்போதோ ஒரு சிறு பண்பை எழுதிவைத்துவிட்டு மறந்திருந்தேன். ப்ராசஸ் இரண்டானால் நினைவகமும் இரண்டு, சிங்கிள்டனும் இரண்டு. சர்வீஸ் தன் பிரதியில் எண்ணைக் குறைத்துக்கொண்டே போக, திரை தன் பிரதியை விசுவாசமாகக் காட்டிக்கொண்டிருந்தது. பழி ஓரிடம், பாவம் ஓரிடம்.

அந்தப் பண்பை நீக்கியதும் பிழை மறைந்தது என்றாலும், சர்வீஸை நாமே பராமரிக்கும் வழி ஆண்டுக்காண்டு குறுகி வருவதையும் கணக்கில் கொள்ளவேண்டியிருந்தது. 2015-இல் வந்த ஆண்ட்ராய்டு 6, கைப்பேசி அசையாமல் கிடக்கும்போது வேலைகளை ஒத்திப்போடும் டோஸ் முறையைக் கொண்டுவந்தது. 2017-இன் ஆண்ட்ராய்டு 8, பின்னணியில் இருக்கும் செயலி சாதாரண சர்வீஸைத் தொடங்குவதையே தடுத்தது; ஃபோர்கிரவுண்ட் சர்வீஸாகத் தொடங்கினால் 5 விநாடிகளுக்குள் அறிவிப்பைக் காட்டியாக வேண்டும் என்றது. ஆண்ட்ராய்டு 12 அதையும், சில விதிவிலக்குகள் நீங்கலாக, பின்னணியிலிருந்து தொடங்கவிடவில்லை. ஆண்ட்ராய்டு 14 ஒவ்வொரு ஃபோர்கிரவுண்ட் சர்வீஸும் இன்ன வகை என்று அறிவிப்பதைக் கட்டாயமாக்கியது. ஆண்ட்ராய்டு 15 தரவு ஒத்திசைவு வகைக்கு 24 மணி நேரத்தில் மொத்தம் 6 மணி நேரம் என்று எல்லை கட்டியது. ஒவ்வொரு பதிப்பு வரும்போதும் பதிவேற்றும் நிரலைத் திருத்துவதைவிட, அந்தக் கவலையை ஒரு நூலகத்திடம் விட்டுவிடுவது மேல் என்று தோன்றியது. 2018-இல் கூகுளின் ஜெட்பேக் நூலகத் தொகுப்பின் பகுதியாக அறிமுகமாகி 2019-இல் முதல் நிலையான பதிப்பைக் கண்ட வொர்க்மேனேஜர் அந்த நோக்கத்துக்காகவே பிறந்தது.

அது செய்யும் வேலையைப் பாராட்டிவிட்டே மேலே செல்ல வேண்டும். ‘இணைப்பு இருக்கும்போது இந்த வேலையைச் செய்’ என்று ஒருமுறை ஒப்படைத்துவிட்டால், வொர்க்மேனேஜர் அதைத் தன் சொந்த எஸ்கியூலைட் தரவுத்தளத்தில் எழுதிவைத்துக்கொள்கிறது. செயலி மூடப்பட்டாலும், கைப்பேசி அணைந்து மீண்டும் எழுந்தாலும் அந்த வேலை தொலைவதில்லை. தோற்றால் மறுபடி முயல்வதற்கான இடைவெளியை அதுவே பார்த்துக்கொள்கிறது: நாம் எதுவும் சொல்லாவிட்டால் 30 விநாடியில் தொடங்கி இரட்டித்துக்கொண்டே போய், அதிகபட்சமாக 5 மணி நேரத்தில் நிற்கும். குறித்த இடைவெளியில் திரும்பத்திரும்பச் செய்யும் வேலைக்குக் குறைந்தபட்ச இடைவெளி 15 நிமிடம். அதையும் நொடி பிசகாமல் எதிர்பார்க்கக் கூடாது. மணியடித்தாற்போல் நடக்கவேண்டிய வேலைக்கு ஆண்ட்ராய்டின் அலாரம்மேனேஜரே உரியது.

நான் ஏமாந்த இடம் வேறு. வேலையைக் காப்பாற்றும் நூலகம், வேலைக்குத் தேவையான நிலையையும் காப்பாற்றிக் கொடுக்கும் என்று என்னையறியாமல் நம்பியிருந்தேன். பயனர் உள்நுழையும்போது கிடைக்கும் டோக்கனை (சர்வர் அவரை அடையாளம் காண உதவும் சாவியை) ஒரு சிங்கிள்டனில் வைத்திருந்தேன். அதை நிரப்புவது உள்நுழைவுத் திரை, எடுத்துப் பயன்படுத்துவது வொர்க்கர், அதாவது வொர்க்மேனேஜர் ஓட்டும் வேலையின் நிரல். மேசையில் வைத்துச் சோதித்தபோதெல்லாம் குறையின்றி ஓடியது. களத்துக்குச் சென்றதும் பாதிப் பதிவேற்றங்கள் டோக்கன் இல்லை என்று தோற்றன. நடந்தது இதுதான்: செயலி பின்னணிக்குச் சென்ற பின் நினைவகம் போதாமல் இயங்குதளம் அதன் ப்ராசஸை முடித்துவிடுகிறது, இணைப்பு கிடைத்ததும் வேலையைச் செய்வதற்காகப் புதிய ப்ராசஸ் ஒன்றை எழுப்புகிறது. அப்போது அப்ளிகேஷன் வகுப்பு ஓடும், வொர்க்கர் ஓடும். எந்தத் திரையும் ஓடாது. திரை வந்து நிரப்பும் என்று காத்திருக்கும் சிங்கிள்டன் காலியாகவே இருக்கும். இதே காரணத்தால், திரைக்கான தரவை வைத்திருக்கும் வியூமாடலில் இருப்பதும் வொர்க்கருக்கு எட்டாது. வியூமாடல் திரை சுழலும்போது பிழைத்திருக்கும், ப்ராசஸ் மடியும்போது கூடவே மடியும்.

டோக்கனை, மதிப்புகளைக் கோப்பில் சேமிக்கும் டேட்டாஸ்டோருக்கு மாற்றினேன். வொர்க்கர் இப்போது தனக்கு வேண்டியதைத் தானே அங்கிருந்து படித்துக்கொள்கிறது. இதில் ஒரு எச்சரிக்கை: ஒரே கோப்புக்கு ஒரே ப்ராசஸில் இரண்டு டேட்டாஸ்டோர்களை உருவாக்கினால் அது பிழையை எறிந்து நின்றுவிடும். வொர்க்கருக்கென்று ஒன்று, திரைக்கென்று ஒன்று என்று பிரித்து எழுதியவர்கள் இதில் கட்டாயம் இடறுவார்கள். இடறுவதே நல்லது என்பேன்; சத்தமில்லாமல் ஒன்றன் எழுத்தை மற்றொன்று அழிப்பதைவிட இது எவ்வளவோ மேல்.

தரவை வேலையுடனேயே சேர்த்து அனுப்பலாமே என்று கேட்கலாம். அனுப்பலாம், ஆனால் உள்ளீட்டுத் தரவுக்கு 10 கிலோபைட் எல்லை உண்டு. முழுப் படிவத்தையும் ஜேசன் சரமாக (எழுத்து வடிவத் தரவாக) அனுப்பிப் பார்த்தேன். நீளமான குறிப்பு எழுதிய ஒருவரின் படிவத்தில் எல்லை தாண்டிச் செயலி விழுந்தது. இந்த எல்லையை நூலகத்தின் குறையாக நான் எண்ணவில்லை. படிவம் ரூம் (ஜெட்பேக்கின் எஸ்கியூலைட் நூலகம்) தரவுத்தளத்தில் இருக்கட்டும், அதன் வரிசை எண் மட்டும் வொர்க்கருக்குப் போகட்டும் என்று அது நம்மை வழிக்குக் கொண்டுவருகிறது. வரிசை எண்ணை அனுப்பினால், வேலை ஓடும் நேரத்தில் படிவம் எப்படி இருக்கிறதோ அதையே வொர்க்கர் படிக்கும். படிவத்தை அனுப்பினால், ஒப்படைத்த நேரத்துப் பழைய பிரதியையே சுமந்து செல்லும்.

இப்படித்தான் ரூம் தரவுத்தளம் எங்கள் செயலியின் பேரேடு ஆனது. வொர்க்கர் எழுதினாலும் திரை எழுதினாலும் அங்கேதான். முகப்புத் திரையின் அந்த ஒரு வரி, காத்திருக்கும் பதிவுகளை எண்ணும் வினவலின் ஃப்ளோவிலிருந்து (புதிய விடைகளைத் தொடர்ந்து தரும் ஓடையிலிருந்து) நேரே வருகிறது. எண்ணிக்கை என்று தனியே எங்கும் சேமிப்பதில்லை. அட்டவணை மாறினால் ரூம் வினவலை மறுபடி ஓட்டுகிறது, திரை தானே மாறுகிறது. தரவுத்தளப் பொருளை ஒரே ஒருமுறை உருவாக்க வேண்டும் என்பது மட்டும் நிபந்தனை. இரண்டு உருவாக்கினால், ஒன்றில் எழுதியதை மற்றொன்றின் ஃப்ளோ அறியாது, அதற்கெனத் தனி அமைப்பு ஒன்றை இயக்கினாலன்றி.

பேரேட்டில் எதை எழுதக் கூடாது என்பதைக் கற்பதற்கும் ஒரு பிழை தேவைப்பட்டது. பதிவின் நிலையைக் காட்டும் அட்டவணைப் பத்தியில் ‘காத்திருக்கிறது’, ‘ஏறிக்கொண்டிருக்கிறது’, ‘ஏறியது’, ‘தோற்றது’ என்று நான்கு மதிப்புகள் வைத்திருந்தேன். பதிவேற்றத்தின் நடுவே ப்ராசஸ் மடிந்தால், அந்தப் பதிவு ‘ஏறிக்கொண்டிருக்கிறது’ என்ற நிலையிலேயே நிரந்தரமாக உறைந்துவிடும். காத்திருப்பவற்றை மட்டும் தேடும் வொர்க்கர் அதைத் திரும்பிப் பார்க்காது. ஓடிக்கொண்டிருக்கிறதா என்பது அந்த நொடிக்குரிய செய்தி. அதை வொர்க்மேனேஜரிடம் கேட்டால் வொர்க்இன்ஃபோ என்னும் நிலைக்குறிப்பின் வழியாகச் சொல்லிவிடும். இப்போது திரை, பேரேட்டின் ஃப்ளோவையும் வொர்க்இன்ஃபோவின் ஃப்ளோவையும் இணைத்துத் தன் காட்சியைக் கட்டுகிறது. நான்கில் ஒரு மதிப்பு பத்தியிலிருந்து நீங்கிவிட்டது. இதன் மறுபக்கமும் உண்டு: வொர்க்இன்ஃபோவை மட்டுமே நம்பி ‘இந்தப் பதிவு ஏறியது’ என்று முடிவு செய்யக் கூடாது. முடிந்த வேலைகளின் பதிவை வொர்க்மேனேஜர் சில காலத்துக்குப் பின் துடைத்துவிடும்; திரும்பத்திரும்ப ஓடும் வேலையோ வெற்றி பெற்ற நிலைக்கே வராது, ஒவ்வொரு சுற்றுக்குப் பிறகும் வரிசைக்கே திரும்பிவிடும்.

தனித்த பெயருடைய வேலை என்ற வசதியைப் பற்றிச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனெனில் நான் படித்த அறிமுகங்களில் பலவும் இதை இரண்டு வரியில் கடந்துவிடுகின்றன. ஒரே பெயரில் இரண்டாம் முறை வேலையை ஒப்படைத்தால் என்ன செய்வது என்று நாம் சொல்லவேண்டும். ‘கீப்’ என்றால் முன்னதே இருக்கட்டும், புதியதை விட்டுவிடு. ‘ரிப்ளேஸ்’ என்றால் முன்னதை ரத்து செய்து புதியதை வை. பதிவேற்றத்துக்கு ‘கீப்’ பொருத்தம் என்றுதான் யாருக்கும் தோன்றும், எனக்கும் தோன்றியது. வொர்க்கர் காத்திருக்கும் பதிவுகளின் பட்டியலை எடுத்துக்கொண்டு மூன்றாவது பதிவை ஏற்றிக்கொண்டிருக்கும் வேளையில் பயனர் நான்காவது படிவத்தைச் சேமிக்கிறார். செயலி வேலையை ஒப்படைக்கிறது. அதே பெயரில் ஒன்று ஓடிக்கொண்டிருப்பதால் ‘கீப்’ அதைப் புறக்கணிக்கிறது. ஓடுகிற வொர்க்கரின் கையில் இருப்பதோ பழைய பட்டியல். அது மூன்றையும் முடித்து வெற்றி என்று அறிவித்து ஓய்ந்துவிட, நான்காவது பதிவு பேரேட்டில் காத்திருக்கிறது. அதை அனுப்புவதற்கான வேலை எங்கும் இல்லை. ‘1 பதிவு காத்திருக்கிறது’ என்று திரை சொன்னது இம்முறை முற்றிலும் உண்மை, ஆனால் அது யாருக்காகக் காத்திருந்தது என்பதுதான் கேள்வி. பட்டியல் காலியாகும்வரை மறுபடி மறுபடி வினவும்படி வொர்க்கரை மாற்றினேன். கடைசி வினவலுக்கும் முடிவுக்கும் இடையில் அப்போதும் ஒரு நூலிழை இடைவெளி மிஞ்சியது. ஓடுகிற வேலையின் பின்னால் புதியதைக் கோக்கும் ‘அப்பெண்ட் ஆர் ரிப்ளேஸ்’ கொள்கைக்கு மாறிய பிறகே அது அடைபட்டது. பெயரில் சற்றே ஒத்திருக்கும் ‘அப்பெண்ட்’ கொள்கையை எடுத்துவிடாதீர்கள்; சங்கிலியில் முன்னது தோற்றிருந்தால், பின்னால் கோத்தவையும் ஓடாமலேயே தோற்றதாகிவிடும்.

கோட்லின் மொழியின் கரூட்டின்களில் (இடையில் நிறுத்தித் தொடரக்கூடிய பணிகளில்) எழுதுபவர்கள் இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். இணைப்பு வேண்டும் என்று நிபந்தனை வைத்த வேலை ஓடும்போது இணைப்பு அறுந்தால், வொர்க்மேனேஜர் அதை நிறுத்திவிட்டு இணைப்பு வந்ததும் மறுபடி ஓட்டும். நிறுத்துவது என்பது கரூட்டினை ரத்து செய்வது. அது ஒரு எக்ஸெப்ஷனாக (நிரல் எறியும் பிழை அறிவிப்பாக) நம் நிரலுக்குள் வரும். எல்லா எக்ஸெப்ஷன்களையும் பிடித்துப் பதிவைத் ‘தோற்றது’ என்று குறிக்கும் நல்லெண்ணம் எனக்கு இருந்தது. சிக்னல் விட்டுவிட்டு வரும் இடத்தில் ஒரு பயனரின் பதிவுகள் அத்தனையும் சிவப்பாகிவிட்டன. ரத்துக்கான எக்ஸெப்ஷனைத் தொடாமல் மேலே எறிந்துவிட வேண்டும். மறுமுயற்சி உண்டு என்பதாலேயே, அதே பதிவு இரண்டு முறை சர்வரைச் சேரும் வாய்ப்பும் உண்டு: சர்வர் ஏற்றுக்கொண்டு பதில் வருவதற்குள் இணைப்பு போனால் வொர்க்கர் மறுபடி அனுப்பத்தான் செய்யும். ஒவ்வொரு படிவத்துக்கும் அது உருவாகும்போதே தனித்த அடையாளம் ஒன்றைக் கொடுத்து, சர்வர் அதைப் பார்த்து இரட்டிப்பைத் தள்ளிவிடும்படி செய்தோம்.

நீண்ட வேலைகளில் நூலகத்தின் வசதி மட்டான ஒன்றுதான். சாதாரண வொர்க்கருக்கு 10 நிமிடம்தான் அவகாசம். அதற்கு மேல் வேண்டுமானால் வொர்க்கரையே ஃபோர்கிரவுண்ட் சர்வீஸாக உயர்த்தலாம். அப்படி உயர்த்தினால் மேலே சொன்ன ஆண்ட்ராய்டு 12, 14, 15 விதிகள் எல்லாம் பின்வாசல் வழியாக உள்ளே வந்துவிடுகின்றன. பெரிய காணொளிகளைப் பயனர் தாமே பொத்தானை அழுத்தி அனுப்பும் செயலி என்றால், ஆண்ட்ராய்டு 14-இல், இயங்குதளத்தின் வேலை திட்டமிடும் பகுதியான ஜாப்ஸ்கெடியூலர் அறிமுகப்படுத்திய, பயனர் தொடங்கும் தரவுப் பரிமாற்ற வேலையைப் பாருங்கள். எங்கள் படங்களைச் சுருக்கி அனுப்புவதால் 10 நிமிடம் போதுமாக இருக்கிறது.

எனக்கு உண்மையாகவே பிடிக்காத ஒன்று உண்டு. வொர்க்மேனேஜர் தன் தரவுத்தளத்தில் வொர்க்கர் வகுப்பின் முழுப் பெயரை எழுதிவைத்துக்கொண்டு, வேலை வரும்போது அந்தப் பெயரைக் கொண்டே பொருளை உருவாக்குகிறது. கோப்புகளைச் சீர்படுத்துகிறேன் என்று வகுப்பை வேறு பேக்கேஜுக்கு நகர்த்திப் புதிய பதிப்பை வெளியிட்டால், பழைய பதிப்பில் ஒப்படைக்கப்பட்டுக் காத்திருக்கும் வேலைகள் அந்தப் பெயரைத் தேடிக் காணாமல் தோற்றுவிடும். லாக்கில் ஒரு வரி மட்டும் மிஞ்சும். வெளியில் தெரியாத உள்பெயரை மாற்றினால் எதுவும் உடையாது என்பது நிரல் எழுதுபவர்களின் பொதுவான எதிர்பார்ப்பு. அதை மீறும் இடம் இது. வொர்க்கருக்கு வேண்டிய பொருள்களை ஹில்ட் (பொருள்களை உருவாக்கிக் கொடுக்கும் நூலகம்) வழியாகக் கொடுக்கும்போது, இயல்பான தொடக்க அமைப்பை மேனிஃபெஸ்டிலிருந்து நீக்க மறந்தாலும் இதே வகையான மௌனத் தோல்விதான் கிடைக்கும்.

சோதிக்கும் கருவிகள் இதை ஓரளவு ஈடுசெய்கின்றன. சோதனைக்கான துணை நூலகத்தில், நிபந்தனைகள் நிறைவேறிவிட்டதாகவும் இடைவெளி கழிந்துவிட்டதாகவும் பாவனை செய்து வேலையை உடனே ஓட்டலாம். ஆண்ட்ராய்டு ஸ்டூடியோவின் பின்னணி வேலை ஆய்வுக் கருவி, எந்த வேலை எந்த நிலையில் இருக்கிறது என்பதைப் பட்டியலாகவே காட்டுகிறது. இருந்தாலும் எனக்கு அதிகம் உதவியது ஏடிபி (கணினியிலிருந்து கைப்பேசிக்குக் கட்டளையிடும் கருவி) வழியாக டம்ப்சிஸ் ஜாப்ஸ்கெடியூலர் கட்டளையை ஓட்டுவதுதான். வேண்டிய நிபந்தனைகள், நிறைவேறியவை, நிறைவேறாதவை என்று அது வரிவரியாக அச்சிடும். ‘ஏன் இன்னும் ஓடவில்லை’ என்ற கேள்விக்குப் பதில் பெரும்பாலும் அந்த மூன்றாவது வரியில் இருக்கும். கூடவே, செயலியைப் பின்னணிக்கு அனுப்பிவிட்டு ஏஎம் கில் கட்டளையால் ப்ராசஸை முடித்துப் பார்ப்பதை ஒவ்வொரு வெளியீட்டுக்கு முன்னும் செய்கிறோம். டோக்கன் பிழை இந்த ஒரு சோதனையில் முதல் நிமிடத்திலேயே அகப்பட்டிருக்கும். ஃபோர்ஸ் ஸ்டாப் செய்து பார்ப்பது இதற்கு ஈடாகாது. அப்படி நிறுத்திய செயலியின் வேலைகள், பயனர் அதை மறுபடி திறக்கும்வரை ஓடாது. சில கைப்பேசிகளின் மின்சேமிப்பு ஏற்பாடு, அண்மைச் செயலிகள் பட்டியலிலிருந்து தள்ளிவிடுவதையே ஃபோர்ஸ் ஸ்டாப்பாகக் கொள்கிறது. அதற்கு எந்த நூலகமும் மருந்தாகாது. செயலி திறக்கும்போதெல்லாம் பேரேட்டைப் பார்த்து, காத்திருப்பவை இருந்தால் வேலையை மறுபடி ஒப்படைக்கிறோம்.

கூகுளின் ஃப்ளட்டர் செயலிக் கட்டமைப்பில் எழுதுபவர்கள் இந்நூலகத்தை ஒரு பிளகின் வழியாகப் பயன்படுத்தும்போது, பின்னணி வேலை தனி ஐசலேட்டில் ஓடும் என்பதை மறக்கக் கூடாது. ஐசலேட்டுகளுக்கிடையே நினைவகப் பகிர்வு கிடையாது. ப்ராவைடர், ரிவர்பாட் போன்ற நிலை மேலாண்மை நூலகங்களில் வைத்த நிலை அங்கே தெரியாது. என் இரட்டைச் சிங்கிள்டன் கதை அங்கே தனி ப்ராசஸ் இல்லாமலேயே அரங்கேறும்.

இணைப்பில்லாமலும் இயங்கவேண்டிய படிவச் செயலிக்கும், பதிவேற்றும் வரிசைக்கும், அவ்வப்போது நடக்கும் ஒத்திசைவுக்கும் வொர்க்மேனேஜரை நான் தயக்கமின்றிப் பரிந்துரைப்பேன். பாடல் ஓட்டுவது, வழித்தடம் பதிவது போன்று பயனர் கண்முன்னே இடைவிடாது நடக்கவேண்டியவற்றுக்கு ஃபோர்கிரவுண்ட் சர்வீஸே சரி. ஏற்கெனவே சிங்கிள்டன்களில் நிலையைச் சிதறவிட்டிருக்கும் செயலியில் இதைச் சேர்க்க எண்ணுபவர்கள், பேரேட்டை முதலில் ஒழுங்குசெய்துவிட்டு நூலகத்துக்கு வரவும். நான் தலைகீழாகச் செய்ததால் எனக்கு மூன்று வெளியீடுகள் கூடுதலாகத் தேவைப்பட்டன.